அவர் பேரைத் தேடினால் என் முகம் வந்தது

என் கணவர் ஒரு வீட்டில் செயின் திருடினார். "திருடியதாக வழக்குப் போட்டுவிட்டார்கள்" என்று சிலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். எடுத்தார். பம்மலில் ஒரு மாடி வீட்டுக்கு ஒயரிங் வேலைக்குப் போனவர், பீரோ மேல் ஒரு டப்பாவில் இருந்த செயினைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஏன் எடுத்தீங்க என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "கண்ணுல பட்டுது" என்பார். அதற்கு மேல் பதில் கிடையாது. குடி இல்லை, சீட்டு இல்லை, வீட்டில் யாருக்கும் உடம்புக்கு வரவும் இல்லை. கண்ணில் பட்டது, எடுத்தார். குற்றவாளி என்று தீர்ப்பாகி எட்டு மாதம் உள்ளே இருந்தார்.

அது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம்தான்.

அந்த எட்டு மாதத்தில்தான் நான் சபைக்குப் போக ஆரம்பித்தேன். கீழ் வீட்டு அக்கா கூட்டிக்கொண்டு போனார். பத்தாவது வரை படித்தவள் நான். பிரசங்கத்தில் பாதி புரியாது. முழங்கால் போட்டு அழுதால் கேட்கிற ஒருத்தர் இருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது. அது போதுமாக இருந்தது. இன்றைக்கும் அதுதான் போதும்.

அவர் வெளியே வந்ததும் பம்மலைக் காலி செய்துவிட்டு பீர்க்கன்கரணைக்கு வந்துவிட்டோம். ஏரிப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன போர்ஷன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இங்கே வேறு சபையில் சேர்ந்தோம், அவரும் ஞானஸ்நானம் எடுத்தார். சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுவார். பெருங்களத்தூரில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. ஆறு வருஷம் அங்கே போனார். எத்தனை வீட்டு பெட்ரூமுக்குள் ஏணி போட்டு ஏறியிருப்பார். ஒரு குண்டூசி காணோம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

அந்த அபார்ட்மெண்டுக்கு செக்ரட்டரியாக ஒரு ரிட்டையர்டு ஆபீசர் இருந்தார். ஆறு வருஷமும் இவரை "எலக்ட்ரீஷியன், நீ வா" என்றுதான் கூப்பிட்டார். சில மாதம் முன்னால் ஒரு நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றாராம். மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் ஆக்கப் போகிறோம், மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு, வெளிநாட்டில் இருக்கிறவர்களுடைய வீட்டுச் சாவியெல்லாம் உங்களிடம்தான் இருக்கும் என்று சொன்னாராம். "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு கொடுத்துடுங்க. பேரை ஒரு தடவை நெட்ல பாத்துடுவோம். எல்லாருக்கும் பாக்கறதுதான். ஃபார்மாலிட்டி."

இவர் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது "உட்காருங்க" என்ற வார்த்தையை மூன்று தடவை சொன்னார்.

டீ குடித்துக்கொண்டே அவரே தன் பேரைப் போனில் போட்டுத் தேடினார். ஊருக்கு நாலு பேர் வைத்திருக்கிற பேராக இருந்தால் கூட்டத்தில் கலந்து போயிருக்கும். அவருடையது குலசாமி பேரும் தாத்தா பேரும் ஒட்டி வைத்தது. வேறு எவருக்கும் கிடையாது. முதல் வரியிலேயே வந்துவிட்டது. ஒரு செய்தித்தாளின் பழைய பக்கம். "வேலைக்கு வந்த வீட்டில் செயின் திருடிய எலக்ட்ரீஷியனுக்குச் சிறை." கீழே முழுப் பேர், அப்பா பேர், வயசு. போட்டோவில் இரண்டு போலீஸ்காரருக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். குனிந்தாலும் தெரிந்தது.

ஆறின டீயைக் கீழே வைத்தார். "சாவி எனக்கில்ல" என்றார்.

ஆதாரில் இனிஷியல் தப்பாக இருக்கிறது, திருத்தக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் தருகிறேன் என்று செக்ரட்டரியிடம் சொல்லித் தவணை வாங்கினார். அந்தப் பொய் நிஜமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் வைத்திருக்கிற ஒரு பெண்ணிடம் போய் இல்லாத தப்பைத் திருத்தக் கேட்டோம். அந்தப் பெண்ணிடம்தான் மெதுவாக இந்த விஷயத்தையும் எடுத்தோம். அவள் முகம் சுளிக்கவில்லை. "நெறைய பேர் வராங்கக்கா. தேடுற கம்பெனிக்கே ஒரு ஃபாரம் இருக்கு, போட்டுப் பாப்போம்" என்றாள்.

பத்து நாளில் பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள் படித்துச் சொன்னாள்: "இது மக்கள் தெரிஞ்சிக்க வேண்டிய விஷயமாம்கா. அதனால எடுக்க மாட்டாங்களாம்."

என் கணவர் சிரித்தார். "அவ்ளோ பெரிய ஆளா நானு" என்றார்.

வக்கீல் ஒருத்தரைக் கேட்டதற்கு, ஹைகோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் கேஸில் விடுதலை ஆனவருக்கே கஷ்டம், தண்டனை ஆனவருக்கு யார் கொடுப்பார்கள் என்றார். மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்த செய்தித்தாள் ஆபீசுக்கு நேராகப் போய், பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்பது.

"நான் போவ மாட்டேன். என் மூஞ்சி அவங்க ஃபைல்ல கீது" என்றார். அதனால் நான் போவதாக ஆனது.

நான் முதலில் கிளம்பின அன்றைக்கு, ரயிலைப் பிடிக்கப் போக பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சொன்னார்: "த பாரு. நீ, நான், அந்த வக்கீல், அந்தக் கடைக்காரப் பொண்ணு. அதோட நிக்கணும். சபையில வாயத் தொறக்கக் கூடாது. ஜெபச் சீட்டுல கூட எழுதாத."

"சத்தியமா சொல்ல மாட்டேங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

செய்தித்தாள் ஆபீசில் இன்டர்நெட் பிரிவு என்று ஒரு அறையைக் காட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நான் எழுதிக் கொண்டுபோன மனுவைப் படித்தார்.

"கேஸ்ல விடுதலை ஆயிட்டாரா?"

"இல்ல சார். தண்டனை அனுபவிச்சிட்டு வந்துட்டார்."

"அப்ப நியூஸ் சரிதானே?"

"சரிதான் சார்."

"சரியான நியூஸை எதுக்கும்மா எடுக்கணும்? தப்பா போட்டிருந்தா சொல்லுங்க, எடுக்கறோம், வருத்தமும் தெரிவிக்கறோம்."

 "பதினாலு வருஷம் ஆச்சு சார்" என்றேன். "அதுக்கு?" என்றார். மனுவை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது தடவை போனபோது மதியம் வரை வெளியில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது தடவை, வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போன் போட்டு, "சார், அந்த செயின் வந்திருக்காங்க" என்றாள். என் காதில் விழும் என்று அவளுக்குத் தெரியும். விழுந்தால் என்ன என்றுதான் இருந்தாள். அதிலிருந்து அந்த ஆபீசில் என் பேர் செயின். "செயினுக்கு வெயிட் பண்ணச் சொல்லு." "செயின் போயாச்சா?"

அன்றைக்கு ரயிலில் வீட்டுக்கு வந்து, சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இந்த ஒரு பக்கத்தை எடுத்துப்போடும், சபை நடுவில் நின்று நீர் செய்ததைச் சாட்சி சொல்லுகிறேன் என்று நேர்ந்துகொண்டு பொருத்தனை பண்ணினேன். எங்கள் சபையில் அதுதான் வழக்கம். கேட்டது கிடைத்தால் மைக் முன்னால் நின்று சொல்ல வேண்டும். பொருத்தனை பண்ணிவிட்டுச் செலுத்தாதவர்களைக் கர்த்தர் கேட்காமல் விடமாட்டார் என்று பாஸ்டர் அடிக்கடி சொல்வார்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சொன்னதும், எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னதும் ஒரே வாய்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உறைத்தது. இரண்டையும் எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஐந்தாவது தடவை போனபோது அந்தக் கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "காலங்காத்தால உங்க மூஞ்சியப் பாக்க முடியலம்மா. எடுத்துத் தொலைக்கிறேன். இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது, சரியா?" என் கண் முன்னாலேயே ஏதோ தட்டினார். "போச்சு. போங்க."

நான் அந்த மாடிப்படியில் நின்றே ஸ்தோத்திரம் பண்ணினேன். மனுஷன் வெறுப்பில் செய்தாலும் செய்வித்தவர் ஆண்டவர் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பக்கம் போனாலும் தேடுகிற இடத்தில் தலைப்பு மட்டும் கொஞ்ச நாள் நிற்கும் என்று பிரவுசிங் கடைப் பெண் சொன்னாள். அதற்கும் ஒரு ஃபாரம் போட்டாள். ஒரு சனிக்கிழமை அவர் பேரைப் போட்டோம். பாதிப் பேர் மட்டும் பொருந்துகிற யாரோ ஒரு டாக்டர், ஒரு கல்யாண மண்டபம், ஏதோ ஒரு ஊர்க் கோயில் என்று வந்தது. அவர் வரவில்லை. அன்றைக்கு அவர் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். "திங்கக்கிழமை ஆதாரைக் கொடுத்துடறேன்" என்றார். சாப்பிடும்போது தானாகவே சிரித்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. அபார்ட்மெண்டில் லிப்ட் நின்றுவிட்டது என்று அவரைக் கூப்பிட்டார்கள். நான் தனியாக சபைக்குப் போனேன்.

எங்கள் சபை முடிச்சூர் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஆராதனையை லைவ் போடுவதற்காகத் தூணில் ஒரு கேமரா கட்டியிருப்பார்கள். அது உடம்பு முடியாமல் வீட்டில் படுத்திருக்கிறவர்களுக்காக என்று எனக்குத் தெரியும். லைவ் என்றால் முடிந்ததும் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். கிரிக்கெட் முடிந்தால் முடிந்துவிடுகிறதே, அந்த மாதிரி. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

சாட்சி நேரத்தில் எழுந்து போனேன். பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். "ரொம்ப நாளா ஒரு காரியத்துக்காக ஜெபிச்சேன். கர்த்தர் அதை வாய்க்கப் பண்ணினார். அவருக்கு ஸ்தோத்திரம்." சொல்லி மைக்கைக் கொடுக்கப் போனேன்.

பாஸ்டர் வாங்கவில்லை. "என்ன காரியம் சிஸ்டர்?" என்றார்.

"குடும்பக் காரியம் பாஸ்டர்."

"சொல்லுங்க. இங்க எல்லாரும் உங்க குடும்பம்தான்." அவர் சபையைப் பார்த்துக் கேட்டார்: "குடும்பமா இல்லையா?" எல்லாரும் ஆமென் என்றார்கள். "கர்த்தர் செஞ்சதை மறைச்சா என்ன அர்த்தம்? அவரோட மகிமையைத் திருடறோம்னு அர்த்தம்."

அவருக்கு எங்கள் விஷயம் எதுவும் தெரியாது. எல்லாரிடமும் சொல்கிறதைத்தான் சொன்னார். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு திருட்டு உண்டு, இரண்டாவது என்னால் ஆகக் கூடாது என்று எனக்குப் பட்டது. சொல்ல ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. செயின், ஜெயில், செய்தித்தாள், ஐந்து தடவை நடந்தது, செயின் என்று என்னைக் கூப்பிட்டது, கடைசியில் பக்கம் காணாமல் போனது. பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். பதினாலு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதுவும் உண்மை. அவ்வளவு இலேசாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை. கடைசியில் பாஸ்டர் என் தலையில் கை வைத்து, என் கணவர் பேரை முழுசாகச் சொல்லி, அவருக்காகச் சபையை எழுந்து நிற்கச் சொல்லி ஜெபித்தார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லவில்லை. நல்ல ஆராதனை என்று மட்டும் சொன்னேன்.

கேமராவைப் பார்த்துக்கொள்கிற பிரதர் பேங்கில் வேலை செய்கிறவர், படித்தவர், நல்லவர். அன்று மத்தியானமே என் சாட்சியைத் தனியாக வெட்டி சபையின் சேனலில் போட்டுவிட்டார். "திருட்டு வழக்கிலிருந்து கணவரை மீட்ட தேவன்: அற்புத சாட்சி." அதற்குப் பக்கத்தில் என் கணவரின் முழுப் பேர். முகப்பில் வாயைத் திறந்துகொண்டு அழுகிற என் முகம்.

திங்கட்கிழமை இவர் ஆதார் கொடுத்தார். புதன்கிழமை செக்ரட்டரி பேரைத் தேடினார்.

நடந்ததை அங்கே வாட்ச்மேன் வேலை செய்கிறவர் பிறகு எனக்குச் சொன்னார். ஆபீசில் நாலைந்து பேர் இருந்தார்களாம். செக்ரட்டரி போனைத் திருப்பிக் காட்டி, "உன் சம்சாரம் நல்லா பேசறாங்கப்பா. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்றாராம். ஆறு வருஷத்து "நீ" திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒருத்தர், "சார், செயினைக் கழட்டி உள்ள வெச்சிட்டு வீடியோ பாருங்க" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு அவருடைய டூல்ஸ் பையை மேஜை மேல் கொட்டச் சொன்னார்கள். டெஸ்டர், கட்டிங் பிளேயர், டேப் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டார்கள். மத்தியான டிபன் பாக்சைக்கூடத் திறந்து பார்த்தார்கள். "புளி சாதம்" என்று ஒருத்தர் அறிவித்தாராம். "ஆறு வருஷத்துல என்னென்ன போச்சுன்னு ஒவ்வொரு வூட்டுலயும் இப்பதான்மா தேடிகினு இருக்காங்க" என்றார் வாட்ச்மேன். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்கு அவர் பதினோரு மணிக்கே வந்துவிட்டார். கை கழுவினார். டிபன் பாக்சைத் திறந்து தட்டில் கொட்டினார். போனை சொம்பில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டு, எனக்கு எதிரில் திருப்பி வைத்தார்.

"பாரு" என்றார்.

முழுசாகப் பார்க்க வைத்தார். நான் தலையைத் திருப்பினால் போனை அந்தப் பக்கம் நகர்த்தினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். நான் அழுகிற சத்தம் போனிலிருந்தும் வந்தது, என்னிடமிருந்தும் வந்தது. வீடியோ முடிந்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "சாமிகிட்ட சொன்னத காப்பாத்திட்ட. நல்லதுதான். நான் சாமி இல்ல, அதான்."

மறுநாள் பாஸ்டர் வீட்டுக்குப் போய் வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். அவர் பதறினார். "கர்த்தர் கொடுத்த சாட்சியை மனுஷனுக்குப் பயந்து அழிக்கறதா? எவ்வளவு பேருக்கு ஆசீர்வாதமா இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று தன் போனை என் கையில் கொடுத்தார். வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். ஆமென், அல்லேலூயா, என் மகனுக்காக ஜெபியுங்கள், கும்பிடுகிற கை பொம்மைகள்.

நடுவில் ஒன்று நீளமாக இருந்தது. நான் நிறுத்திப் படித்தேன். படித்ததை மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன்.

"அந்த செயின் எங்க அம்மாவோடது. பம்மல்ல எங்க வீடுதான். இவர் எடுத்ததுக்கு எங்க வீட்ல வேலை செஞ்ச அக்காவை மூணு நாள் ஸ்டேஷன்ல வெச்சு அடிச்சாங்க. எங்க அம்மாவே அவங்களைத்தான் கை காட்டினாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு அந்தத் தெருவுலயே யாரும் வேலை குடுக்கல. அவங்க பேர் எந்தப் பேப்பர்லயும் வரல. அழிக்கறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

எழுதினவர் பேர் இருந்த இடத்தில் வெறும் இங்கிலீஷ் எழுத்தும் எண்களும்.

"பாஸ்டர், இது" என்றேன்.

எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் சத்துரு எழுதறது சிஸ்டர். ஆசீர்வாதம் வர்ற இடத்துல ரெண்டு இப்படித்தான் வரும். விடுங்க." மேலே நகர்த்திவிட்டார்.

எனக்கு அந்த வேலைக்கார அம்மாவைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வழக்கு நடந்தபோது கோர்ட்டில் எல்லா நாளும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை அங்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். நின்றபடியே கேட்டேன்.

"அந்த வூட்டு வேலைக்காரம்மாவைப் போலீஸ் பிடிச்சது உங்களுக்குத் தெரியுமா?"

 "தெரியும்."

"மூணு நாள் வெச்சிருந்தாங்களாமே?"

"நாலு நாள்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேலை முடியல இல்ல. நான்தான் தினம் போயினு இருந்தேனே. ஹாலுக்கு ஒயர் இழுக்கறப்ப அந்தம்மா வூட்டுக்காரர் வந்து வாசல்ல நின்னு அழுதுகினு இருந்தாரு."

"நீங்க?"

"ஒயர் இழுத்தேன்."

 தரையில் உட்கார்ந்தேன். "அஞ்சாம் நாள் நீங்களா போய் ஒத்துக்கிட்டீங்களா?"

"அடகுக் கடையில மாட்டுனேன். உனக்குத்தான் தெரியுமே."

"மாட்டலைன்னா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதினாலு வருஷம் நான் என்ன கேட்டு ஜெபித்தேன் என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். அவருடைய வெட்கம் நீங்க வேண்டும், அவருடைய பேர் மறைய வேண்டும், அவருக்கு வேலை கிடைக்க வேண்டும். ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். அந்த அம்மாவும் அதே நேரத்தில் எங்கேயோ இருந்து அவரிடமே கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

எங்கள் வீட்டில் இரண்டு வாரம் பேச்சு இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். அனகாபுத்தூர் பக்கம் சில்லறை வேலைக்குப் போய்விட்டு வருவார். அங்கேயும் ஒரு வீட்டில் வீடியோவைப் பார்த்துவிட்டு, வேலை முடிகிற வரைக்கும் வீட்டுக்காரப் பெண் ஸ்டூல் போட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாளாம். அதை என்னிடம் சொல்லவில்லை. போனில் யாரிடமோ சொன்னார்.

அந்தக் கமெண்டு எழுதினவருக்குப் பதில் எழுத வேண்டும் என்று எனக்கு விடாமல் தோன்றியது. மன்னிப்புக் கேட்பதற்கு நான் யார் என்று தெரியவில்லை. அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்றாவது கேட்கலாம். எனக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. என்ன எழுத வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஒரு வெள்ளிக்கிழமை பிரவுசிங் கடைக்குக் கொண்டுபோனேன்.

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். திரும்பத் தேடினாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வீடியோவே இல்லையேக்கா. எடுத்துட்டாங்க. காரியம் முடிஞ்சுது."

"கீழ எழுதியிருந்தது?"

"அது வீடியோவோட போயிடும்கா. எல்லாமே போச்சு. இனிமே ஒருத்தராலயும் திரும்ப எடுத்துப் பாக்க முடியாது." சந்தோஷமாகச் சொன்னாள். பாவம், எனக்காகத்தான் சந்தோஷப்பட்டாள். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்து, "என்னக்கா டைப் பண்ணணும்?" என்றாள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் என் கணவர் தனியாகப் போய் பாஸ்டரைப் பார்த்திருக்கிறார். அதை எனக்குச் சொன்னது கேமரா பிரதர். "பிரதர் எல்லார் முன்னாலயும் கால்ல விழுந்துட்டார் சிஸ்டர். பாஸ்டருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார். நான் கேட்டுக் கிடைக்காதது அவர் விழுந்ததும் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவர் ஷேவ் பண்ணி, சட்டை அயர்ன் பண்ணி வைத்திருந்தார். வண்டலூர் பக்கம் புதுசாக ஒரு அபார்ட்மெண்டில் ஆள் கேட்டிருக்கிறார்களாம். நாளைக்குப் போகப் போகிறேன் என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் வார்த்தை அது. போனை நீட்டினார். அந்த டாக்டர், அந்தக் கல்யாண மண்டபம், அந்த ஊர்க் கோயில்.

"பாத்தியா. சுத்தமா ஒண்ணும் வரல."

"ஆமாங்க" என்றேன். அவர் முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்துக்காகத்தான் நான் ஐந்து தடவை ரயிலேறினேன். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "அந்தம்மா பேர் இன்னாங்க?"

"எந்தம்மா?"

"பம்மல்ல வேலை செஞ்சவங்க" என்றேன். அவருக்குப் புரிந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னாத்துக்கு? மைக்குல சொல்றதுக்கா?"

ஜெபத்துக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாயை அவர் நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை என்று தெரிந்து மூடிக்கொண்டேன்.